இருநூற்றுப் பதினான்கு ஓட்டைகள்

காலியிடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கலையைப் பார்க்க வருகிறவர்கள். மீதிப் பாதி வேலை கேட்டு வருகிறவர்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. வாசல் பலகையில் பெரிய எழுத்தில் ‘காலியிடம்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். பெயர் வைத்த அன்றைக்கு அதற்கு ஆழமான அர்த்தம் ஒன்று இருந்தது; இப்போது அது யாருக்கும் ஞாபகமில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது சான்றிதழ் நகல்களை உறையில் போட்டுக்கொண்டு வந்து, என்ன வேலை, எத்தனை இடம் என்று விசாரிப்பார்கள். செயலாளர் அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, இது கலைஞர்களே கூடி, லாபம் பார்க்காமல், தற்காலக் கலைக்கும் வடிவமைப்புக்கும் நடத்துகிற இடம் என்று பொறுமையாக விளக்குவார். முழுவதையும் கேட்ட ஒருவர் டீயைக் குடித்து முடித்து, “அப்ப உங்களுக்கும் இன்னும் ஒண்ணும் அமையலையா சார்?” என்று அக்கறையோடு கேட்டுவிட்டுப் போனார். அதற்குச் சரியான பதிலைச் செயலாளர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

செயலாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. பூட்டைத் திறப்பது, ஒழுகும் குழாயில் துணி சுற்றுவது, அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனவரிடம் திட்டு வாங்குவது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பதவி. பன்னிரண்டு வருடமாக அதை அவரே வகித்து வந்தார். போட்டி இல்லை.

இடம் ஒரு பழைய டயர் கிடங்கு. நீளமான ஒரே கூடம், அதற்கு நீளமான ஒரே சுவர். வெயில் ஏறினால் இன்னும் டயர் மணக்கும். ஒரு முறை வந்த விமர்சகர் அந்த வாசனையைப் பற்றி, ‘புலன்களைச் சீண்டும் துணிச்சலான படைப்பு’ என்று அரைப் பக்கம் எழுதினார். அந்த வாரம் அங்கே கண்காட்சியே இல்லை. இரும்புக் கைப்பிடி போட்ட கனமான கதவு உள்பக்கமாகத் திறந்து, நீளச் சுவரின் ஓரத்தில் போய் ‘ணங்’ என்று இடித்து நிற்கும். கீல்தான் சரியில்லை என்று செயலாளர் மூன்று முறை எண்ணெய் விட்டுப் பார்த்தார். ணங் போகவில்லை. பிறகு அதையே காலிங்பெல் என்று வைத்துக்கொண்டார்கள்.

அங்கே விதிகள் இரண்டு. முதல் விதி, எந்த முடிவுக்கும் எல்லா உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும். இந்த விதிப்படி நாற்காலி வாங்குவது பற்றி ஏழு கூட்டம் நடந்து, கடைசியில் ஸ்டூல் வாங்கினார்கள். உறுப்பினர்கள் நான்கே பேர் என்பதைச் சொன்னால் வெளியாட்கள் நம்புவதில்லை. செயலாளர் ஒருவர். இரும்பை வெட்டி ஒட்டிச் சிற்பம் செய்கிற சிற்பியக்கா ஒருவர். திரைகளில் படம் ஓடவிடுகிற காணொளி ஒருவன். அவனுக்கு இயற்பெயர் ஒன்று உண்டு என்பது அவன் திருமண அழைப்பிதழைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. நாலாவது ஆள் செயலாளரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார் என்ற ஒரே தகுதியில் வாழ்நாள் உறுப்பினர் ஆனவர்.

இரண்டாவது விதி, சுவர். ஒரு கண்காட்சி முடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்து, இதற்கு முன் இங்கே எதுவுமே நடக்காதது மாதிரி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செயலாளர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். படம் வரைவதை அவர் நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. கேட்பவர்களிடம், “பெருசா ஒண்ணு பண்ணிட்டிருக்கேன். பத்தடிக்கு நாப்பதடி. முழுக்க வெள்ளை” என்பார். கதவு திறந்தால் மறைகிற ஓரத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவார். அடிக்கும்போதும் கண்காட்சியின்போதும் கதவு திறந்தேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதற்குப் பெயிண்டை வீணாக்குவது?

அவருடைய மனைவி மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மாத்திரை அட்டைப் பெட்டியையும், அதற்குள் எட்டாக மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளையும் வடிவமைக்கிற வேலை. உலகத்தில் அவளுடைய படைப்பை வாங்கியவர்கள் அளவுக்கு எந்தக் கலைஞரின் படைப்பையும் யாரும் வாங்கியதில்லை. வாங்கிய ஒருவரும் அதைப் பிரித்துப் படித்ததில்லை. செயலாளரோடு ஒரே கலைக்கல்லூரியில் படித்தவள்தான். கோடு போடுவதில் வகுப்பிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. காலியிடத்தின் முதல் கண்காட்சியில் அவளுடைய பென்சில் படம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. செயலாளர் வருடா வருடம் கேட்பார். அவள் “பார்க்கலாம்” என்பாள். வீடுகளில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத மனிதரில்லை அவர். வேலைப் பளு, ஆர்வம் போய்விட்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

இந்த வருடம் ஒரு நாள் காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், அடுத்த மாதம் சுவர் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றாள். செயலாளர் கையிலிருந்த தலையணை உறையை நாலு தடவை தப்பாக மடித்தார்.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க,” என்றாள். “முடியற வரைக்கும் நீங்க உள்ள வரக்கூடாது. இது சரியா வந்துச்சுன்னா மேல செய்வேன். வரலைன்னா இதோட விட்டுடுவேன். அப்புறம் எந்த வருஷமும் என்னைக் கேட்கக் கூடாது.”

அவர் தலையாட்டினார். இதில் தான் கெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். அங்கேதான் அவருக்குத் தன்னைப் பற்றிய மதிப்பீடு எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

நான்கு நாள் விடுப்புப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு அவள் போனாள். நான்கு நாளும் செயலாளர் வீட்டில் கால் தரிக்காமல் திரிந்தார். சமையலறை அலமாரிக்கு வெள்ளை அடித்தார். நான்காம் நாள் பொழுது சாய்ந்து வந்தவள், சாவியை மேசை மேல் வைத்து, “நாளைக்குப் பத்தரைக்கு எடுத்துட்டு வர்றேன். அஞ்சு மணிக்குத் திறந்துடலாம்” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையோடு தூங்கிப்போனாள்.

எடுத்துவருவது என்றால் படங்களைத்தான் என்று செயலாளர் புரிந்துகொண்டார். படங்கள் பத்தரைக்கு வருகின்றன என்றால் அதற்குள் சுவர் தயாராக இருக்க வேண்டாமா? போன கண்காட்சி காணொளியுடையது. அவன் போனதும் சாவி கைமாறிவிட்டதால், இரண்டாவது விதி இன்னும் நிறைவேறவில்லை. பாவம், பன்னிரண்டு வருடம் கழித்து மாட்ட வருகிறவள், அழுக்குச் சுவரிலா மாட்டுவாள்? முடியும்வரை உள்ளே வராதே என்ற நிபந்தனையும் அவருக்கு நினைவு வரத்தான் செய்தது. ஆனால் உள்ளே போவது எட்டிப் பார்க்க அல்ல, உதவி செய்ய. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் உலகத்தில் பாதிக் குடும்பங்களில் சண்டை வருகிறது.

காலை ஏழு மணிக்குக் கதவைத் தள்ளினார். ணங். அவர் நினைத்தது சரி. சுவரில் படம் ஏதுமில்லை. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் சுவர் நெடுக மெல்லிய பென்சில் வட்டங்கள், பக்கத்தில் பொடி எண்கள். மாட்டுகிறவர்கள் அளவு பிடிக்கப் பென்சிலில் குறி போடுவது வழக்கம்; முடிந்ததும் அழித்துவிட்டுப் போவது மரியாதை. காணொளி பதினோரு திரை மாட்டுவதற்கு ரயில் பாலம் கட்டுகிற மாதிரி அளந்தவன். “எண் வேற போட்டு வச்சிருக்கான் பாரு” என்று அவனைத் திட்டியபடியே செயலாளர் வாளியைத் திறந்தார்.

அன்றைக்கு அடித்த மாதிரி அவர் எந்த நாளும் அடித்ததில்லை. ரோலர் தடம் தெரியாமல், ஓரம் பிசகாமல், பிரியம் முழுவதையும் கையில் வைத்து அடித்தார். ஒரு கோட் போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, இன்னொரு கோட்டும் போட்டார். ஒன்பதரைக்குத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

அப்போது கதவில் ஏணி இடித்து மறுபடியும் ணங். சிற்பியக்கா ஒரு கையில் ஏணியும் இன்னொரு கையில் விளக்குமாக உள்ளே வந்தார். இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி,” என்றார். “அவ போட்டிருந்த வட்டமெல்லாம் எங்க?”

எந்த வட்டம் என்று கேட்கச் செயலாளர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு ரோலரை வாளிக்குள் போட்டார். சிற்பியக்கா ஏணியைச் சாத்திவைத்துவிட்டு, தான் நேற்று வந்து பார்த்ததைச் சொன்னார். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் சுவரில் அடைத்த ஓட்டையெல்லாம் லேசாகப் புடைத்துத் தெரியுமாம். பன்னிரண்டு வருடத்தில் இந்தச் சுவரில் அடித்த ஒவ்வோர் ஆணியின் ஓட்டையையும் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு, எண் கொடுத்திருந்தாளாம். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அதுதான் படைப்பு. அதற்குத்தான் நான்கு நாள்.

“நீ அடிச்சது அதுமேலயா?” என்றார். கேள்வி மாதிரி இல்லை.

அவசரக் கூட்டம் பத்து நிமிடத்தில் கூடியது. காலியிடத்தின் வரலாற்றில் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே கூட்டம் அதுதான். காணொளி சுவரைப் பார்த்தான், செயலாளரைப் பார்த்தான், தன் குறிகளைத் தான் அன்றே ரப்பர் வைத்து அழித்துவிட்டதாகவும், இது பதிவேட்டில் ஏற வேண்டும் என்றும் சொன்னான். பிறகு, பதற வேண்டியதில்லை என்று ஆரம்பித்தான். வெள்ளைச் சுவரே படைப்பு என்று அறிவித்துவிடலாம். இல்லாமை, அழித்தல், குடும்ப அமைப்பின் வன்முறை என்று மூன்று பத்தியில் ஒரு குறிப்பை அவனே எழுதித் தருவான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் பத்தியை எழுதியும் விட்டான். அது நன்றாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. செயலாளருக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது.

“நான் சம்மதிக்க மாட்டேன்,” என்றார் சிற்பியக்கா. அத்தோடு முதல் விதிப்படி அந்த யோசனை செத்தது.

மச்சான் சுவரை விரலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் நாடி பிடிப்பது மாதிரி நின்றார். சுரண்டிப் பார்க்கலாமா, கழுவிப் பார்க்கலாமா என்று செயலாளர் கேட்டதற்கெல்லாம் தலையை அசைத்தார்.

“மாப்ளே, இது நான் கொடுத்த பெயிண்ட். ஒண்ணுமே தெரியாம மறைச்சுடும்னு சொல்லித்தான் விக்கறோம்,” என்றார். சோகமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. “ரெண்டு கோட்டா போட்டே? சுத்தமா முடிஞ்சுது போ.”

அவள் கூடத்துக்குள் வந்தபோது நான்கு பேரும் சுவரை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நாற்பதடிச் சுவரை நான்கு பேர் மறைக்க முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் கையில் ஒரு கட்டுத் தாள். பத்தரைக்கு எடுத்துவருவதாகச் சொன்னது படங்களை அல்ல, அச்சடித்த அந்தப் பட்டியலை. அவள் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள். தாள்கட்டை ஸ்டூல் மேல் வைத்தாள். இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

செயலாளர் நடந்ததைச் சொன்னார். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னாலும் பின்னால் சொல்ல வேண்டியதை முன்னாலும் சொன்னார். உதவிக்குத்தான் என்ற வார்த்தை ஐந்து தடவை வந்தது.

“எத்தனை கோட்?” என்று கேட்டாள்.

“ரெண்டு.”

“நல்லா வந்திருக்கு,” என்றாள்.

அவள் கத்தியிருக்கலாம், பட்டியலைத் தூக்கி அடித்திருக்கலாம். கத்துகிற ஆளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கலைஞர்களோடு இருந்தவர். இந்த ‘நல்லா வந்திருக்கு’க்கு அவரிடம் மருந்து இல்லை. மற்ற மூவரும் டீ குடிப்பதாகச் சொல்லி வெளியே நழுவினார்கள். ஃபிளாஸ்க் உள்ளேயே இருந்தது.

கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்ததால் அவர் பட்டியலில் ஒன்றை எடுத்தார். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்குமே, அதே மாதிரி மெல்லிய தாள், எட்டு மடிப்பு, பொடி எழுத்து. தலைப்பு: ‘உபயோகிக்கும் முன் படிக்கவும்’. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘எண் 23: மரப்பலகைச் சிற்பம். இரண்டாம் நாள் விழுந்தது. கீழே நின்றவர் அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்.’

‘எண் 58: ஆணி அடிக்கும்போது செயலாளரின் கட்டைவிரலில் அடி. மூன்று நாள் பாத்திரம் கழுவவில்லை. நான்காம் நாள் விரல் நன்றாக இருந்தது, சொல்லவில்லை.’

‘எண் 91: பாட்டில் மூடிகளால் ஆன திரை. இறக்கும்போது கலைஞர் அழுதார். செயலாளரும் அழுதார். வீட்டில் கேட்டதற்குத் தூசி என்றார்.’

‘எண் 140: யாரும் பார்க்க வராத கண்காட்சி. கலைஞர் மனம் நோகக்கூடாது என்று செயலாளர் தினமும் மூன்று வேறு பெயர்களில் வருகைப் பதிவேட்டில் எழுதினார். அதில் ஒருவர் படைப்பைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்.’

இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னவை. தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் பாட்டுக்குப் பேசுவார். அவள் மாத்திரைத் தாளில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டே ‘ம்’ போடுவாள். பன்னிரண்டு வருடம் அந்த ‘ம்’மைக் காதில் விழாததன் அடையாளம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இருநூற்றுப் பதினான்கும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தூசி என்று சொல்ல வழியில்லை. இப்போதுதான் வெள்ளை அடித்திருந்தது.

“என்னால கண்டுபிடிக்க முடியும்,” என்றார்.

“எதை?”

“ஓட்டையை. எல்லாம் நான் அடைச்சது. எனக்குப் பட்டி வைக்கவே வராது. உன் அண்ணன்தான் சொல்வாரே, நான் வச்சா ஒண்ணு குழியும் இல்ல புடைக்கும்னு. கையை வச்சா தெரியும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

பெயிண்ட் காய்ந்தபோது மதியம் பன்னிரண்டு ஆகியிருந்தது. செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு சின்ன மேடு தட்டியது. இது பதினொன்று, வைக்கோல் பொம்மை மாட்டிய இடம் என்றார். அவள் பட்டியலில் சரிபார்த்து, வட்டம் போட்டு, எண் எழுதினாள். அடுத்தது ஒரு குழி. அதற்கு அவர் நாற்பத்தேழு என்றார். அவள் நாற்பத்தெட்டு என்றாள். வாக்குவாதம் வந்தது. அவள் பக்கம்தான் நியாயம் இருந்தது. சிற்பியக்கா திரும்பி வந்து விளக்கைப் பிடித்தார். மச்சான் ஏணியைப் பிடித்தார். காணொளி யாரையும் கேட்காமல் படம் பிடிக்க ஆரம்பித்தான். அவனைத் தடுப்பதற்கு ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கியபோது நூற்று எண்பதைத் தாண்டியிருந்தார்கள். வந்தவர்கள், பெயிண்ட் அப்பிய தலையோடு ஒரு மனிதர் சுவரைத் தடவிக் கதை சொல்வதையும், ஒரு பெண் சில சமயம் ‘ம்’ என்றும் சில சமயம் ‘பொய்’ என்றும் சொல்லி வட்டம் போடுவதையும் பார்த்து, இதுதான் நிகழ்ச்சி என்று நின்றுவிட்டார்கள். எண் நூற்று நாற்பதுக்கு நல்ல கைதட்டல். அந்த நூற்று நாற்பதின் கலைஞரே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்ததுதான் சங்கடம். அவர் செயலாளரை வெகுநேரம் முறைத்துவிட்டு, பதிவேட்டில் தன்னைத் திட்டியது யார் என்பதை மட்டும் கேட்டார்.

ஆறு மணிக்கு இருநூற்றுப் பதின்மூன்று முடிந்தது. புழுக்கம் தாங்காமல் எல்லோரும் டீ குடிக்க வெளியே போனார்கள்; கடைசியாகப் போனவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். உள்ளே இவர்கள் இருவர் மட்டும். மிச்சம் இருந்தது எண் ஒன்று. செயலாளர் பட்டியலைப் பார்த்தார். அதில் ‘எண் 1: இடம் செயலாளருக்குத் தெரியும்’ என்று மட்டும் இருந்தது.

அவருக்குத் தெரியவில்லை.

முதல் கண்காட்சியில் அவள் மாட்டிய படம்தான் என்று புரிந்தது. ஒரு வெறும் கை, பென்சிலில் வரைந்தது. படம் கண்ணுக்குள் இருக்கிறது, இடம் வரவில்லை. நடுவில் தடவினார். வலது கோடியில் தடவினார். எல்லா மேட்டுக்கும் குழிக்கும் ஏற்கெனவே வட்டம் இருந்தது. அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

“கொஞ்சம் சொல்லேன்,” என்றார்.

“சொன்னா என்ன இருக்கு?” என்றாள்.

காலையில் வெள்ளை அடித்ததை அவள் மன்னித்துவிடுவாள். அநேகமாக மன்னித்தே விட்டாள். இதை மன்னிக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கமாகத் தடவிக்கொண்டே வந்தார். கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராகக் கையை விரித்து நின்றபோது, வெளியிலிருந்து யாரோ கதவைத் தள்ளினார்கள்.

ணங்.

சத்தம் கையில் கேட்டது. கீலிலிருந்து வரவில்லை; சுவருக்குள்ளிருந்து வந்தது. கைப்பிடி எதன் மேலோ இடிக்கிறது. இரும்பு மேல் இரும்பு.

வாசலில் ஒருவர் உறையோடு நின்றுகொண்டிருந்தார். “சார், காலியிடம்னு போர்டு பார்த்தேன்…” என்றார்.

செயலாளர் அவரைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து ஓரமாக நிறுத்தினார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

கதவுக்குப் பின்னால், பன்னிரண்டு வருடமாக ரோலர் தொடாத ஒரு முழ அகலச் சுவர், பழைய பல் நிறத்தில் இருந்தது. அதில் யாரும் பிடுங்காத ஓர் ஆணி. கதவு இடித்து இடித்துத் தலை வளைந்து தரையைப் பார்த்திருந்தது. அதைச் சுற்றி மெல்லிய பென்சில் வட்டம், பக்கத்தில் பொடியாக ‘1’. அவர் அடித்த இரண்டு கோட்டுக்கும் தப்பித்த ஒரே வட்டம்.

அப்போதுதான் எல்லாம் வந்தது. பதினோரு கலைஞர்கள், இடப் பற்றாக்குறை. சொந்தப் பெண்டாட்டிக்கு நல்ல இடத்தைக் கொடுத்தான் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்ற நேர்மை. கடைசியில் கதவோரம்.

“கதவை மூடி வைக்கறேன்னு சொன்னேன்,” என்றார்.

“சொன்னீங்க.”

“அன்னைக்குப் புழுக்கமா இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“மாசம் பூராவா?”

“இருபத்தெட்டு நாள்,” என்றாள். “நான் தினம் வந்தேன். கதவைத் தள்ளி உள்ள வருவேன், என் படம் மறைஞ்சுடும். நானேதான் மறைச்சுட்டு நிப்பேன்.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புதான் முதலில் வந்தது. மற்றது கொஞ்சம் தாமதமாக வந்தது. அதை அவள் பென்சில் பிடித்த கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டாள். “பார்க்கலாம், பார்க்கலாம்னு நான் சொன்னது அந்தப் படத்தை. உங்களுக்குத்தான் புரியலை.”

செயலாளருக்கு நல்லதாக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடம் எத்தனையோ திறப்பு விழாக்களில் பேசியவர். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

வெளியே கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். “மாப்ளே, உள்ள என்ன பண்றீங்க? டீ முடிஞ்சுது” என்றது மச்சான் குரல். உறையோடு வந்தவர் அதற்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆணியைக் குனிந்து பார்த்து, பட்டியலையும் பார்த்து, “மேடம், இது ஒண்ணுதான் பழசு போல?” என்றார்.

“ஆமா,” என்றாள். “நீங்கதான் முதல்ல பார்க்கறீங்க.”

அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனாலும் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவர் என்பதால் மரியாதையாக இன்னொரு தடவை பார்த்தார்.

“அடுத்த வருஷம் சுவர் காலியா இருக்குமா?” என்று அவள் கேட்டாள். செயலாளரைத்தான் கேட்டாள், கண் மட்டும் ஆணி மேல் இருந்தது.

“கமிட்டில எல்லாரும் சம்மதிக்கணும்,” என்றார் செயலாளர்.

“கமிட்டி வெளிய நிக்குது.”

“நிக்கட்டும்.”

அந்த மாதம் முழுவதும் காலியிடத்தின் முன்கதவு திறக்கப்படவில்லை. ‘பின்பக்கமாக வரவும்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் குளியலறைச் சந்து வழியாக, வாளிகளைத் தாண்டி, சிற்பியக்காவின் இரும்புக் கம்பிகளில் சட்டையை மாட்டி மீட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். காணொளி அந்தப் பாதையைப் பற்றியும் மூன்று பத்தி எழுதினான். இருபத்தெட்டு நாளும் கதவு மூடியிருந்ததா என்று செயலாளர் தினமும் போய்ப் பார்த்தார். சாவி அவரிடம்தான் இருந்தது, இருந்தாலும் பார்த்தார்.

இருபத்தொன்பதாம் நாள் இரண்டாவது விதி நிறைவேறியது. இருநூற்றுப் பதின்மூன்று வட்டங்களின் மேலும் அவரே இரண்டு கோட் அடித்தார்; அவள் பக்கத்தில் நின்று, மேலே ஒரு இடம் விட்டுப்போச்சு என்று காட்டினாள். ஆணியை அவர் பிடுங்கவில்லை. கிடங்கின் மூலையில் கிடந்த பழைய டயரிலிருந்து ஒரு துண்டு அறுத்து, கதவு ஆணியில் இடிக்காதபடி தரையில் முட்டுக்கட்டையாக அடித்துவைத்தார்.

இதனால் இப்போது ணங் இல்லை. வேலை கேட்டு வருகிறவர்கள் சத்தமே இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். செயலாளர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புகிறார். பிறகு டீ ஊற்றுகிறார்.